கிணற்றில் மணல் ஊறினால்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே இந்நிலத்தின் நீர்ச்செல்வம். அம்மழை நிலத்துள் இறங்கித் தங்குகின்றது. அதனையே ஆண்டு முழுவதும் கிணற்றின் வாயிலாக எடுத்துப் பருகுகின்றோம், சமைக்கின்றோம், தோட்டத்துக்கும் பாய்ச்சுகின்றோம். ஆகவே, வீட்டுக் கிணற்றிலே மணலோ சேறோ கலந்து வருமாயின் வீட்டார் கவலை கொள்வது இயல்பே.

அவ்வேளையில் நம்மிற் பலர் செய்வது யாது? இறைக்கிற கிணறு ஊறும் என்பது பழமொழி. அதனை நம்பி, இயந்திரத்தைப் பூட்டிக் கிணற்றை வற்ற இறைத்து, அடியிற் படிந்ததை வாரி எறிந்து, போதாக்குறைக்கு இன்னும் இரண்டடி ஆழமாக்கியும் விடுகின்றோம். சில கிணறுகளுக்கு இது நன்மை பயக்கும். வேறு சிலவற்றை அடியோடு கெடுத்துவிடும். மணலை வாருமுன் அது வந்த வழியை அறிதல் வேண்டும். இன்று யான் கூற விரும்புவது இதுவே.

முதலில் ஓர் எளிய சோதனை. தெளிந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றிலே கிணற்று நீரை நிரப்பி, நன்றாகக் குலுக்கி, அசையாது வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துள் அடியிலே படிவது மணல். சில மணி நேரம் சென்று படிவது வண்டல். மறுநாளும் படியாது நீரைக் கலங்கலாகவே வைத்திருப்பது களி. படிந்ததன் நிறத்தையும் நோக்குங்கள். செந்நிறமாயின் அது பெரும்பாலும் மேல்மண். வெண்மையாயின் சுண்ணக்கல்லின் தூள். குழாய்நீரில் மட்டும் செந்துகள் வந்து, வாளியால் அள்ளிய நீர் தெளிவாயிருக்குமாயின், குற்றம் கிணற்றினதன்று, துருப்பிடித்த குழாயினது.

இனி, இவை வரும் வழிகளை ஆராய்வோம்.

வலிகாமப் பகுதியிலே செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் பரந்து கிடக்கின்றது. மழைக்குப்பின் கிணறு செந்நிறமாகக் கலங்குமாயின், முற்றத்து வெள்ளம் உள்ளே புகுகின்றது என்று கொள்ளலாம். கட்டு உயரம் குறைந்திருக்கும். அல்லது உட்சுவரின் மேற்பகுதியிலே வெடிப்பு இருக்கும். அல்லது குளிக்கும் நீர் வழிந்தோட வழியின்றிக் கிணற்றடியிலேயே தேங்கும். இதற்கு அடியை வாருவது மருந்தாகாது. வெடிப்பைச் சீமெந்தினாற் பூசி, கட்டினை உயர்த்தி, கிணற்றைச் சூழ வெளிப்புறம் சாய்ந்த தளமிட்டு, கழிவுநீரை வாய்க்கால் வழியே தொலைவிற் செலுத்துதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுண்ணக்கல்லிலே நீரால் அரிக்கப்பட்ட வெடிப்புகளும் குகைவழிகளும் பல. மணலூடே செல்லும் நீர் வடிகட்டப்பெறும். வெடிப்பினூடே ஓடும் நீர் அவ்வாறு வடிகட்டப்பெறுவதில்லை. ஆகவே, மழை பெய்த சில மணி நேரத்துள் கிணறு கலங்குமாயின், மண் வந்த அவ்வழியே மலசலகூடக் குழியின் அழுக்கும் வரக்கூடும். தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் தெளியும். ஆனால் நோய்க்கிருமி முற்றாக நீங்காது. தெளிந்த நீர் யாவும் தூயநீர் என்று எண்ணலாகாது. அத்தகைய நீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும்.

வடமராட்சி கிழக்கிலும் தென்மராட்சியின் சில பகுதிகளிலும் நிலைமை வேறு. அங்கே கிணறு நிற்பதே மணலில். துலாவினால் வாளி வாளியாக நீர் மொண்ட காலத்திலே நீர்மட்டம் மெல்லத் தணிந்தது. ஊற்றும் மெல்லச் சுரந்தது. இயந்திரமோ சிறு பொழுதிற் பெருநீரை உறிஞ்சிவிடுகின்றது. உள்ளே மட்டம் சடுதியாகத் தாழவே, வெளியிலுள்ள நீர் விரைந்து உட்புகுகின்றது. மெல்ல வரும் நீர் மணலை அசைப்பதில்லை. விரைந்து வரும் நீர் அதனைத் தூக்கிக்கொண்டே வருகின்றது. கிணற்றடியிலே மணல் கொதிப்பதுபோலக் குமிழியிடுவது இதனாலேதான்.

இதற்குப் பரிகாரம் மூன்று. ஒன்று, சிறிய இயந்திரத்தைக் கொண்டு, இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்து, மேல்தொட்டியிற் சேமித்தல். இரண்டு, உறிஞ்சுகுழாயின் முனையை அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி வைத்தல். மூன்று, அடியிலே வடிபடுக்கை இடுதல். தளர்ந்த மணலை அகற்றியபின், கீழே பருமணலும், அதன்மேற் சிறுகல்லும், அதற்கும் மேலே பருங்கல்லுமாக, ஒவ்வொன்றும் அரையடி அளவில் பரப்புதல் வேண்டும். நீர் கீழிருந்து மேலே வருவதால், நுண்ணியது கீழும் பெரியது மேலும் இருப்பதே முறை. கற்களைக் கழுவியே இடுதல் வேண்டும். வளையங்களின் இடைவெளியால் மணல் வருமாயின் அவ்விடைவெளியையும் அடைத்தல் வேண்டும்.

ஆழமாக்கினால் என்ன என்று சிலர் வினவலாம். குடாநாட்டின் நன்னீர், கடல்நீரின் மேலே வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தரான கைபன் என்பவரும், பின்னர் 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் விளக்கிய விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி தணிந்து, அந்நிலை நீடிக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி உயர முற்படும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். எனவே, மணலுக்கு அஞ்சி ஆழத் தோண்டுபவர் உப்பை எதிர்கொண்டு அழைப்பவராகின்றார். மணலை ஒருநாளில் வாரிவிடலாம்; உப்பை வாரிவிட இயலாது. கரையோர மணற்பாங்கிலே முன்னோர் ஆழமற்ற துரவுகளைத் தோண்டி மேல்நீரை மட்டும் மொண்டது சிந்திக்கத்தக்கது.

இவ்வுண்மையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கொடுமையாக உணர்த்திற்று. வடமராட்சி கிழக்கு உட்பட இலங்கையின் கரையோரங்களிலே கிணறுகளுள் கடல்நீரும் மணலும் புகுந்தன. துப்புரவு செய்யும் நோக்குடன் மீண்டும் மீண்டும் இறைத்த சில இடங்களிலே உட்சுவர்கள் சரிந்தன, உவர்நீர் மேலேறிற்று. சேற்றையும் குப்பையையும் அளவாக அகற்றிவிட்டு, மழை நிலத்தைக் கழுவும்வரை பொறுத்திருப்பதே மேல் என்பது அவ்வநுபவத்தாற் பெற்ற பாடம்.

துப்புரவு செய்தே ஆகவேண்டிய கிணற்றுக்கு, மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்கள் ஏற்றவை. நீர்மட்டம் அப்போது தாழ்ந்திருக்கும். மணற்கிணற்றை முற்றாக வற்றச் செய்யலாகாது. வெளிநீரின் அழுத்தம் சுவரைத் தள்ளிவிடும். வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே தோண்டவும் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர்ப்பாதுகாப்பு. எரிபொருளால் இயங்கும் இயந்திரத்தைக் கிணற்றுள் ஒருபோதும் இறக்காதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. இறங்கியவரை ஓசையின்றிக் கொல்லும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை இந்நச்சுவாயுவைக் காட்டித்தராது. இறங்குபவர் இடுப்பிலே கயிறு கட்டப்பட்டிருத்தல் வேண்டும்; மேலே இருவர் விழிப்புடன் நிற்றல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், அவரைத் தூக்க மற்றொருவர் உடனே குதித்தல் கூடாது. அவ்வாறு இறங்கி ஒருவர் பின் ஒருவராக மாண்டவர் பலர்.

வேலை முடிந்ததும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடி, கிணற்றின் நீரளவுக்கு ஏற்பக் குளோரின் இடுவித்து, அவர் கூறும் காலம் கழிந்த பின்னரே நீரைப் பருகுங்கள்.

நேயர்களே, இறைக்கிற கிணறு ஊறும் என்ற மொழி பொய்யன்று. ஆயினும், அது ஊறுவதற்கு அவகாசம் வேண்டும். நம் கிணறு நமக்கு மட்டும் உரியதன்று. அயலவர் கிணற்றுக்கும் நம் கிணற்றுக்கும் நீர் ஒன்றே. அளவறிந்து இறைப்போமாயின், மணலும் அடங்கும். நன்னீரும் நம் மக்களுக்கு எஞ்சி நிற்கும்.