பிறந்ததற்கு என்ன ஆதாரம்?

2023 அக்டோபர் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு அத்தாட்சி. பிள்ளை பிறப்பது ஓர் ஊரில், வளர்வது வேறு ஊரில் என்று வாழும் குடும்பங்கள் இனி அலட்சியமாக இருக்க முடியாது.

வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டிவிட்டால் பையனுக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று அர்த்தம். தலைமை ஆசிரியர் பதிவேட்டில் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக இருக்க வேண்டுமே! அன்று முதல் அதுவே அவனுடைய பிறந்த தேதி. வேலையில் சேர்வதும் ஓய்வு பெறுவதும் அந்தத் தேதியை வைத்துத்தான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே இப்படித்தான் வயது கிடைத்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல் பிறந்த எவருக்கும் பிறந்த தேதி, இடம் ஆகிய இரண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளும் இதற்கேற்ப மாற்றப்பட்டன. அதற்கு முன் பிறந்தவர்கள் மட்டும் பள்ளிச் சான்றிதழ் போன்ற மற்ற ஆவணங்களைக் காட்டலாம்.

‘ஆதார் இருக்கிறதே’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான ஆவணங்களின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதார் போதாது என்று கூறிவிட்டது. ஆதார் ஆளை அடையாளம் காட்டும். அவர் என்று பிறந்தார் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல.

நாடு இந்த விஷயத்தில் வெகுதூரம் வந்திருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, 2005-06-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 சதவீதத்தினரின் பிறப்புதான் பதிவாகியிருந்தது. 2015-16-ல் இது 80 சதவீதமாகவும், 2019-21-ல் 89 சதவீதமாகவும் உயர்ந்தது. பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மாறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் மீதமுள்ள 11 சதவீதம், பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கும் மேல். செங்கல் சூளை, கட்டட வேலை, கரும்பு வெட்டு என்று ஊர் ஊராகப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் விட்டுப்போவது எளிது.

எந்த ஊர் அலுவலகம்?

வெளிமாநிலத் தமிழர்களைக் குழப்பும் முதல் கேள்வி இதுதான். விடை ஒரே வரி: குழந்தை பிறந்த இடம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கேதான் பதிவு. பெற்றோர் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாராவியில் குடியிருக்கும் பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்குப் போய், அங்கே பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதம் மும்பை திரும்புகிறாள். நான்கு வருடம் கழித்துப் பள்ளியில் கேட்கும்போதுதான் சான்றிதழ் நினைவு வரும். தாதரில் உள்ள மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றாலும் கிடைக்காது. அந்தப் பிறப்பு அவர்கள் பதிவேட்டிலேயே இல்லை. திருநெல்வேலியில் பிரசவம் நடந்த இடத்தின் பதிவாளரிடம்தான் கேட்க வேண்டும். மாறாக, தாராவியில் பிறந்த குழந்தையின் குடும்பம் ஊரோடு திரும்பிவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை.

பதிவாளர் என்ற பெயரில் தனியாக ஓர் அதிகாரி எல்லா ஊரிலும் உட்கார்ந்திருப்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர். கேரளத்தில் பஞ்சாயத்து, நகராட்சி அலுவலகங்கள். டெல்லியில் பிறந்த இடத்தைப் பொறுத்து மாநகராட்சி, புதுடெல்லி நகராட்சி, கண்டோன்மென்ட் வாரியம் என்று மூன்று. பல அரசு மருத்துவமனைகளில் பதிவாளர் உள்ளேயே இருப்பார். எனவே பிரசவம் நடந்த மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம்.

வழியில் பிறந்தால்? அதையும் சட்டம் யோசித்திருக்கிறது. ஓடும் வண்டியில் பிறந்தால், அந்த வண்டிக்குப் பொறுப்பானவர் அது முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும். விமானம், கப்பல், ரயில் முதல் மாட்டு வண்டி, குதிரை வண்டி, ரிக்‌ஷா வரை அத்தனையும் இங்கே ‘வண்டி’தான்.

இருபத்தொரு நாள்

பிரசவம் மருத்துவமனையில் என்றால் தகவல் தரும் கடமை மருத்துவமனையுடையது. வீட்டில் என்றால் குடும்பத் தலைவருடையது. இருபத்தொரு நாளுக்குள் தகவல் சேர்ந்தால் கட்டணம் கிடையாது. பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் சான்றிதழைப் பதிவாளர் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2023 திருத்தம். அதற்குப் பிறகு வேண்டிய கூடுதல் பிரதிகளுக்குத்தான் கட்டணம்.

நாள் தள்ளத் தள்ள வேலை கூடும். இருபத்தொன்று தாண்டி முப்பது நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் போதும். முப்பது நாள் முதல் ஒரு வருடம் வரை மாவட்டப் பதிவாளர் அல்லது அரசு நியமித்த அதிகாரியின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். முன்பு இதற்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது சுய சான்றொப்பமிட்ட ஆவணம் போதும்.

ஒரு வருடம் தாண்டினால் முன்பு கோர்ட் படியேறி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்க வேண்டும். 2023 திருத்தம் இந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அதிகாரமளிக்கும் நிர்வாக நடுவரிடம் ஒப்படைத்தது. வக்கீல் செலவு மிச்சம். ஆனால் பிறப்பு உண்மைதானா என்று சரிபார்த்த பிறகே உத்தரவு வரும். வழி எளிதானதும் போலிகளும் நுழைந்தன. தாமதப் பதிவுகளில் முறைகேடு நடந்ததாகப் புகார்கள் கிளம்பவே, மகாராஷ்டிர அரசு 2025-ல் விதிகளை இறுக்கியது. சிரமம் உண்மையாகவே பதியாமல் விட்ட ஏழைகளுக்கும் சேர்த்துத்தான்.

தாமதமாகப் பதிய வேண்டியவர்கள் முதலில் வாங்க வேண்டியது ‘பதிவேட்டில் இல்லை’ என்ற சான்று. பிறந்த ஊர்ப் பதிவாளர் தேடிப் பார்த்து இதைத் தருவார். பல சமயம் தேடும்போதே பழைய பதிவு அகப்பட்டுவிடும்! பதிவேடுகள் அந்த ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் வரைதான் பதிவாளரிடம் இருக்கும். பிறகு பாதுகாப்புக்காக வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் கிராமங்களின் பழைய பதிவுகளுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தையும் நாட வேண்டியிருக்கலாம். பிறந்த வருடமும் தந்தை, தாய் பெயரும் சரியாகச் சொன்னால் தேடுவது சுலபம்.

பெயரும் இனிஷியலும்

பிறந்தவுடன் பெயர் வைக்காத குடும்பங்கள் ஏராளம். ஜாதகம் பார்த்து, தாத்தா பெயரா குலதெய்வத்தின் பெயரா என்று பேசி முடிக்க மாதங்கள் ஆகும். அதனால் பதிவு நிற்கத் தேவையில்லை. பெயர் இல்லாமலே பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை. அதன்பின் பதினைந்து ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அதையும் தவறவிட்டவர்கள் மாநில அரசு தனியாக அவகாசம் நீட்டிக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். பெயர் இல்லாத சான்றிதழ் பள்ளியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் செல்லாக்காசு.

வடக்கே வாழும் தமிழர்களுக்குத் தனித் தலைவலி இனிஷியல். ‘குடும்பப் பெயர் என்ன?’ என்று படிவம் கேட்கும். ஒரு பிள்ளைக்கு அப்பா பெயரையும் அடுத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரையும் எழுதிவிட்டால், உடன்பிறந்த இருவர் வெவ்வேறு குடும்பம்போல் தெரிவார்கள். அப்பாவின் பெயரை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில், இனிஷியலை விரித்து, ஒரே மாதிரி எழுதுவதுதான் நல்லது. டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் நர்ஸிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதே பல பிழைகளுக்கு விதை.

பிழை வந்துவிட்டால் திருத்த வழி உண்டு. தகுந்த ஆதாரம் காட்டினால் பதிவாளர் திருத்துவார். ஆனால் முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பதிவாளரின் முடிவில் குறை இருந்தால் முப்பது நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடமும், அவர் முடிவிலும் குறை என்றால் தலைமைப் பதிவாளரிடமும் மேல்முறையீடு செய்யலாம். தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த உரிமையும் 2023-ல் வந்ததுதான்.

அப்பா பெயர் இல்லாமல்

திருமணமாகாத தாய், தனித்து வாழும் தாய் ஆகியோரை அப்பா பெயர் கேட்டு அலைக்கழிப்பது பழைய கதை. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு முடிவு கட்டியது. தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், சான்றிதழ் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 திருத்தம் தனிப் பெற்றோர், தத்துப் பெற்றோர், வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற்றோர் ஆகியோரையும் தகவல் தரக்கூடியவர்களாகச் சட்டத்திலேயே சேர்த்தது.

இந்தக் காகிதத்தின் மதிப்பு பள்ளி வாசலோடு முடிவதில்லை. ஒரு சிறுமிக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் நிச்சயிக்கும்போது, ‘பதினெட்டு முடிந்துவிட்டது’ என்று சொல்லும் வாய்களை அடைப்பது இதுதான். குற்ற வழக்கில் சிக்கிய பையனைச் சிறைக்கு அனுப்புவதா, சிறுவர் நீதி வாரியத்துக்கு அனுப்புவதா என்ற கேள்வியில், பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழைத்தான் சட்டம் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. அதுவோ துல்லியமான கணக்கல்ல. பட்டறையில் வேலை செய்யும் சிறுவனை மீட்கும்போதும் முதல் கேள்வி வயதுதான்.

சான்றிதழ் இல்லாததற்காகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. பெற்றோர் அந்தப் பிரிவைத் தைரியமாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் பள்ளி முடித்த பிறகு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அந்தப் பிரிவு துணைக்கு வராது. அதனால் சேர்க்கையை வாங்கிக்கொண்டு, அதே மாதத்தில் பதிவு வேலையையும் தொடங்கிவிட வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

● மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் பதிவுப் படிவத்தில் பெற்றோர் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

● பதிவு எண், பதிவு தேதி, பதிவான அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். மறுபிரதி வாங்க இவை இருந்தால் அலைச்சல் இல்லை.

● தாய் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊருக்குத் திரும்பும் முன் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள்.

● இணையத்தில் விண்ணப்பித்தால் அரசின் தளம்தானா என்று பாருங்கள். அரசுத் தளம்போலவே தோன்றும் போலித் தளங்கள் தரும் சான்றிதழ் பதிவேட்டில் இருக்காது.

● வெளிநாட்டில் பிறந்த குழந்தையை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதியுங்கள். பதியாமல் இந்தியாவில் குடியேறத் திரும்பினால், குழந்தை வந்து சேர்ந்த அறுபது நாளுக்குள் இங்கே பதியலாம்.

● புரோக்கருக்குக் கொடுக்கும் பணம் வீண். இருபத்தொரு நாளுக்குள் பதிந்தால் அரசாங்கத்துக்கே ஒரு பைசா தர வேண்டியதில்லை.