கூப்பிட்டால் திரும்பாதே

இரவு பத்தரைக்கு மேல் பாரிட் புந்தாரில் பெரிய சத்தம் என்றால் ரயில்தான். அது கிரியான் ஆற்றைக் கடந்து நிபோங் திபால் பக்கம் போன பிறகு, என் தோட்டம் விழித்துக்கொள்ளும். மடிக்கணினியில் 320 புள்ளி அகலம், 180 புள்ளி உயரத்தில் ஒரு சின்னத் திரை. அதில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், செம்மண் பாதை, ரப்பர் நிரைகள், எல்லையில் ஒரு முனீஸ்வரர் கல். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, விடிவதற்கு முன் பால் மரம் வெட்டப்போன அம்மாவுக்குக் கோப்பி கொண்டுபோகிறாள். போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பகலில் வேலைக்குப் போய் வந்து, இரண்டு வருடமாக இரவுகளில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் நான் வரைந்தது கோட்டை. மாய உலகம் என்றால் கோட்டை, வாள், தீ கக்கும் பறவைநாகம் என்று சின்ன வயதிலிருந்து விளையாடிய விளையாட்டுகளெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தன. மூன்று மாதம் கல் கல்லாக அடுக்கினேன். அதற்குள் யார் இருப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று யோசித்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. நான் எந்தக் கோட்டையிலும் பயந்ததில்லை. பாட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் காட்டில் பயந்திருக்கிறேன்.

விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ சிறுவனாக இருந்தபோது, கியோத்தோவுக்கு அருகே உள்ள சோனோபே என்ற ஊரின் காடுகளில் சுற்றியவர். விளக்கொன்றை எடுத்துக்கொண்டு அங்கிருந்த குகைக்குள் இறங்கியிருக்கிறார். 1986-ல் வெளிவந்த அவருடைய ‘செல்டா’ விளையாட்டுக்கு அந்த அலைச்சல்தான் விதை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று கோட்டையை அழித்தேன்.

நான் இருக்கும் கிரியான் மாவட்டம் இப்போது பார்ப்பவர்களுக்கு நெல் வயல்தான். 1906-ல் புக்கிட் மேரா ஏரியிலிருந்து நீர்ப்பாசனம் வந்ததால் விரிந்த வயல்கள். அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது அந்தக் கரும்புக்காகத்தான். பிறகு ரப்பர் வந்தது, அதன் பிறகு செம்பனை. பயிர் மாறியது, முதலாளி மாறினார், லயங்களை இடித்தார்கள். பல இடங்களில் மிஞ்சியது ஒரு மரமும், அதன் அடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல்லும், நட்டுவைத்த ஒரு சூலமும். அந்தக் கல்லைச் சுற்றி ஒரு முழு உலகம் இருந்தது. அதற்குச் சட்டங்களும் இருந்தன.

ராத்திரியில் விசில் அடிக்காதே. நிரைக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. காட்டில் ஒதுங்கும் முன் அனுமதி கேள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே. மலாய்க்காரர்களின் வீடுகளிலும் சீனர்களின் வீடுகளிலும் இதே போன்ற தடைகள் உண்டு. ஒரே காட்டுக்கு மூன்று இனமும் பயந்திருக்கிறது. விளையாட்டு செய்பவனின் கண்ணால் பார்த்தால், தடை ஒவ்வொன்றும் தயாராக இருக்கும் ஒரு விதி. ‘கூப்பிட்டால் திரும்பாதே’ என்பதை எடுத்துக்கொண்டேன். என் சிறுமி நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும், அவளுடைய அம்மாவின் குரல் போலவே. பின்பக்கம் போகும் பொத்தானை அழுத்தினால் பாதை மாறிவிடும். அதே நிரைதான், ஆனால் மரங்களில் பால் ஏந்தும் மங்கு இருக்காது. அவள் தலையிலிருக்கும் விளக்கின் வெளிச்ச வட்டம் ஒரு கட்டம் சுருங்கும்.

முனீஸ்வரரை என்ன செய்வது என்று வெகுநாள் யோசித்தேன். விளையாட்டில் பெரிதாக ஒரு உருவம் வந்தால் அதை அடித்து வீழ்த்துவது வழக்கம். அவரை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 2020-ல் வெளிவந்த ‘ராஜி’ விளையாட்டைப் புனேயில் செய்தவர்கள் துர்க்கையையும் விஷ்ணுவையும் கதை சொல்பவர்களாக வைத்தார்கள். மரியாதையான வழி அது. 2023-ல் மலேசியாவில் உருவான ‘கபாரே’, நம் பக்கத்துப் பேய் பூதங்களை உட்கார்ந்து பேசக்கூடிய பாத்திரங்களாக்கியது. நான் முனீஸ்வரருக்கு உயிர்க்கோடு போடவில்லை, முகமும் வரையவில்லை. கல் மட்டும் உண்டு. அந்தக் கட்டத்துக்குள் நின்றால் பின்னாலிருந்து வரும் குரல் நின்றுவிடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தவை பேய்கள் அல்ல, எழுத்துகள். ஆங்கில எழுத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் அடக்கிவிடலாம். ‘ண’வையும் ‘ழ’வையும் அப்படி அடக்கிப் பாருங்கள்! பன்னிரண்டு புள்ளி உயரம் இல்லாமல் என்னால் முடியவில்லை. ‘ணை’ பக்கத்து எழுத்தின் இடத்தையும் கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கொம்பு. கணினி ‘கெ’வைச் சேமிக்கும்போது ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இதை அறியாத மென்பொருளில் கொம்பு தனியே கழன்று, ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கி, 2014-ல் யாரும் இலவசமாக எடுத்தாளும்படி திறந்துவிட்ட கோடோ என்ற மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். 2023 மார்ச்சில் வந்த அதன் நான்காம் பதிப்பு தமிழைக் கோத்துக் காட்டக் கற்றுக்கொண்டது. ‘அம்மா’ என்ற சொல் முதன்முதலாகச் சரியாக வந்த இரவில் நான் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். பிறகுதான் அடுத்த வம்பு தெரிந்தது. வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்று வைத்திருந்தேன். ‘பெண்’ என்பது முதலில் ‘ப’ என்று வந்து, ‘பெ’ ஆகி, ‘பெண’ ஆகி, கடைசியில் புள்ளி வைத்துக்கொண்டது. எல்லாச் சொல்லும் திக்கிப் பேசியது. முழு வரியையும் முதலில் கோத்து, அதன் பிறகு எழுத்தெழுத்தாகத் திறக்கும் அமைப்பு உள்ளேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம்.

கணினியில் தமிழ் எழுத்துகளோடு எனக்கு வெகு முன்பே மல்லுக்கட்டியவர் மலேசியக்காரரான முத்து நெடுமாறன். 1985-லிருந்து முரசு என்ற தமிழ் மென்பொருளை வளர்த்துவந்தவர். ஆப்பிள் கணினியில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் வடித்தது. 2005-ல் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் கொடுத்தவரும் அவர்தான். அந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்பது, பன்னிரண்டு புள்ளி உயரத்தில் ‘ழ’ வரைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தனியாள் வேலை என்பதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. ஜப்பானில் டைசுகே அமாயா ஐந்து வருடம் ஓய்வு நேரத்தில் தனியாகச் செய்து 2004-ல் இலவசமாகக் கொடுத்த ‘கேவ் ஸ்டோரி’ அவற்றில் ஒன்று. ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் நான்கரை வருடம் ஒற்றை ஆளாக வளர்த்தார். நான் அவர்களைப் பார்த்துத்தான் ஐந்து தோட்டம், ஓர் ஆறு, ஓர் ஏரி என்று திட்டம் போட்டேன். இப்போது இருப்பது ஆறு திரை. ஆற்றை விட்டதில் மட்டும் வருத்தம். ‘வெண்பா’ என்ற விளையாட்டுதான் எனக்குச் சின்ன அளவின் மேல் நம்பிக்கை தந்தது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் அதை 2023 ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பமும் அதன் சமையலறையும்தான் கதை. ஒரே மாலையில் முடிந்துவிடும். மறு ஆண்டு பிரிட்டனின் பாப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்பதை அது யாருக்கும் நின்று விளக்கவில்லை. செய்யவைத்தது.

போன மாதம் இரண்டு பேரை உட்காரவைத்து விளையாடச் சொன்னேன். அண்ணன் மகன் முதல் குரலிலேயே திரும்பினான். மங்கு இல்லாத நிரையில் சுற்றிச் சுற்றி வந்து, “சித்தப்பா, இது கேம் கெட்டுப்போச்சு” என்றான்.

அடுத்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா. முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். பொத்தான் எதையும் தொடுவதற்கு முன் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“தம்பி, இந்த மரத்த யாரு வெட்டுனது?”

“ஏன் பெரியம்மா?”

“வெட்டு தப்பாப் போகுது பாரு. இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ எறங்கணும். இப்படி வெட்டுனா காலையில எல்லாரும் நிக்கிற பெரட்டுல வச்சே ஏசுவாங்க.”

வேலை மிச்சமாகட்டும் என்று ஒரே மரத்தின் படத்தைப் பாதையின் மறுபக்கத்துக்குக் கண்ணாடிபோலத் திருப்பி வைத்திருந்தேன். வெட்டும் திரும்பிவிட்டது. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து சுற்றிப் போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறந்து பால் கூடுதலாக வடியும். புத்தகத்தில் படித்திருந்தும் என் கண்ணில் படவில்லை. அவர் பார்த்த வேகத்தில் கண்டுவிட்டார்.

பிறகு விளையாடினார். குரல் வந்தது. அவர் விரல் முன்பக்கப் பொத்தானிலிருந்து எடுபடவே இல்லை. இரண்டாம் முறையும் வந்தது. நடந்துகொண்டே இருந்தார். விதியை நான் சொல்லியிருக்கவில்லை. முனீஸ்வரர் கல்லுக்கு முன்னால் மட்டும் நிறுத்தி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சூடம் எங்க தம்பி?”

மரத்தை மறுநாளே மாற்றி வரைந்துவிட்டேன். சூடத்துக்கு இரண்டு படம் வேண்டும், சுடர் அசைவதற்கு. இன்று இரவு அதைத்தான் தொடங்குகிறேன்.