மைக் செட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி

கண்ணு, கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ மூணாறு எஸ்டேட்டிலோ கோயில் திருவிழா என்றால் மைக் செட் இல்லாமல் இருக்குமா? நல்ல பாட்டு ஓடும்போது திடீரென ஆம்ப்ளிஃபையர் அடங்கிவிடும். "பியூஸ் போயிடுச்சு" என்பார் மைக் செட் அண்ணன்.

"பெரிய பியூஸாகப் போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?" என்று கேட்கிறாயே, கெட்டிக்காரப் பிள்ளை! பெரியவர்களே குழம்பும் இடம் இது.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதுதான் பியூஸ். நீளம் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர். அதற்குள் மிக மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். புரிந்ததா?

பியூஸுக்கு எது சரியான அளவு? பிளக் பாயிண்டில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் 460 வாட் இழுக்கிறது என்று வை. 460-ஐ 230-ஆல் வகுத்துப் பார். 2 ஆம்பியர்! நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

அப்படியானால் 2 ஆம்பியர் பியூஸ் போதுமா? கொஞ்சம் பொறு. பள்ளியில் கடைசி மணி அடித்ததும் வாசலில் எத்தனை நெரிசல்! ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்களும் அப்படித்தான் ஒரு நொடி மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அதற்கெல்லாம் பியூஸ் அறுந்தால் எப்படி? அதனால் சற்றுக் கூடுதலாக, 3.15 ஆம்பியர் போல வைப்பார்கள். அதுவும் நிதானமாக உருகும் வகை. அதன் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சட்டென்று உருகும் வகைக்கு 'எஃப்'. எது வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையர் மேலேயே அச்சிட்டிருக்கும். அதையே போட வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். பிளக்கில் இருந்து வரும் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. முதலில் கெபாசிட்டர்களில் சேர்கிறது. பாட்டு அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் 10 ஆம்பியர் பியூஸ் போட்டாலும் மேளச் சத்தம் கூடாது. ஆனால் கோளாறு வந்தால் பியூஸ் அறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவதும் இதே ஆபத்துதான். எனக்கு இது பெரிய கவலை, கண்ணு.

ஸ்பீக்கர் வயரில் வைக்கும் பியூஸ் மட்டும் வேறு கதை. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்தக் கம்பி சூடாகி ஆறுகிறது. அதன் மின்தடையும் மாறுகிறது. தாழ்ந்த சுருதி ஒலியில் சிறு பிசகு வரலாம். அதனால்தான் நல்ல ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கரைக் காக்கத் தனிச் சுற்று வைக்கிறார்கள்.

மைக் செட் அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அறுந்த பியூஸைக் கழற்றுவார். அதைக் கேட்டு வாங்கிப் பார். கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால், பாரம் கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது பியூஸ் பழசாகியிருக்கும். கண்ணாடி முழுக்கக் கறுத்திருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது புதுப் பியூஸ் போட்டாலும் உடனே போய்விடும். ஆம்ப்ளிஃபையரை மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.