இரண்டு தாயக்கட்டைகள், பதினாறு விளைவுகள்

ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2. இது தனி நிகழ்ச்சி. இரண்டு நாணயங்களைச் சுண்டி, இரண்டிலும் தலை விழுமா என்று கேட்டால் அது கூட்டு நிகழ்ச்சி. சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை இங்கும் மாறுவதில்லை. ஆனால் எல்லா விளைவுகளும் சம வாய்ப்புள்ளவையாக இருந்தால்தான் அந்த வகுத்தல் செல்லும். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தாய விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீண்ட சதுரக் கட்டையான தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் மூன்றில் 1, 2, 3 என்று புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக, அதாவது 0 ஆக இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால், முதல் கட்டையின் ஒவ்வொரு பக்கத்தோடும் இரண்டாவதன் நான்கு பக்கங்களும் சேரலாம். ஆகவே 4 × 4 = 16 விளைவுகள். இந்த முழுப் பட்டியலே கூறுவெளி.

ஆட்டத்தில் விழும் எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது 12. எண்கள் ஏழு என்பதால் தாயம் விழும் நிகழ்தகவு 1/7 என்று சொல்லிவிடக் கூடாது. ஏழும் சம வாய்ப்புள்ளவை அல்ல. தாயமாகிய 1 இரண்டு வழிகளில் விழும்: (1, 0), (0, 1). எண் 2 மூன்று வழிகளிலும், 3 நான்கு வழிகளிலும், 4 மூன்று வழிகளிலும், 5 இரண்டு வழிகளிலும் விழும். 6க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான். எல்லாம் கூட்டினால் 16 வருகிறது. எனவே தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8.

இதே தவறு பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மூன்று நிலைகளையும் அவர் சமமாகக் கொண்டார். தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என நான்கையும் எழுதினால் சரியான விடை 3/4 என்று தெரியும்.

ஒரே உருட்டலில் சேர்ந்து நடக்க முடியாத நிகழ்ச்சிகளில் ஏதாவது ஒன்று நடக்கும் வாய்ப்பைக் காணக் கூட்ட வேண்டும். 5 அல்லது 6 விழுவதற்கு 2/16 + 1/16 = 3/16.

இரண்டு நிகழ்ச்சிகளும் நடக்க வேண்டுமென்றால் பெருக்க வேண்டும். ஒரு கட்டையில் 3 விழும் வாய்ப்பு 1/4. ஒரு கட்டை விழுவது மற்றதைப் பாதிப்பதில்லை. இவை சாரா நிகழ்ச்சிகள். ஆகவே இரண்டிலும் 3 விழ 1/4 × 1/4 = 1/16. பட்டியல் தந்த விடையும் இதுவே.

முதல் விளைவு அடுத்ததைப் பாதித்தால் இரண்டாவது பின்னம் மாறும். ஒரு பையில் 3 சிவப்புப் பந்துகளும் 2 நீலப் பந்துகளும் உள்ளன. ஒன்றை எடுத்துத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுத்தால், இரண்டும் சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு 3/5 × 2/4 = 3/10. திரும்பப் போட்டுவிட்டு எடுத்தால் 3/5 × 3/5 = 9/25. மர வரைபடம் வரைந்து ஒவ்வொரு கிளையிலும் பின்னத்தைக் குறித்தால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

‘குறைந்தது ஒரு முறை’ என்று வரும் கணக்குகளில், அது ஒருமுறையும் நடக்காத வாய்ப்பை 1இலிருந்து கழிப்பது எளிது. ஓர் உருட்டலில் தாயம் விழாத வாய்ப்பு 7/8. மூன்று உருட்டல்களிலும் விழாமல் போக 7/8 × 7/8 × 7/8 = 343/512. எனவே ஒரு முறையாவது விழ 169/512, ஏறத்தாழ 33 விழுக்காடு. 1/8ஐ மூன்று முறை கூட்டி 3/8 என்பது தவறு. மூன்று உருட்டல்களில் தாயம் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் விழலாம். அந்தக் கூட்டல் சரியென்றால் 8 உருட்டல்களில் தாயம் விழுவது உறுதியாகிவிடும். உண்மையில் 8 முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு.