ஆனி மூர் எங்கே போனாள்?

1892 ஜனவரி 1-ம் தேதி. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்ற குடியேற்ற நிலையத்தை அன்றுதான் திறந்தார்கள். 1954-ல் மூடும்வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாக அமெரிக்காவுக்குள் போயிருக்கிறார்கள். அதில் முதல் ஆள் யார் தெரியுமா? அயர்லாந்து நாட்டு கார்க் ஊர்ப் பெண் ஆனி மூர். 'நெவாடா' என்ற கப்பலில் ஆண்டனி, பிலிப் என்ற இரண்டு தம்பிகளை அழைத்துக்கொண்டு, முன்னமே நியூயார்க் போய்விட்ட அப்பா அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். வயசு 17. பத்திரிகைக்காரர்கள் 15 என்று எழுதிவிட்டார்கள்! பத்து டாலர் தங்கக்காசு பரிசு கொடுத்தார்கள். அதோடு சரி... ஆனி கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

பிற்பாடு ஒரு கதை பரவியது. ஆனி மேற்கே டெக்சாஸ் போனாள், டேனியல் ஓ'கானல் என்ற அயர்லாந்துத் தலைவரின் வம்சத்தில் வந்தவரைக் கட்டிக்கொண்டாள், 1923-ல் ரயில் வண்டியில் அடிபட்டு இறந்தாள் என்று. கேட்கவே சினிமா மாதிரி இருக்குல்ல? புத்தகங்களில் ஏறிவிட்டது. அந்த டெக்சாஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் பெரியவங்க சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான்.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற பெண்மணி வம்சாவளி ஆராய்ச்சி செய்பவர். அவர் வேறொன்றும் செய்யவில்லை. டெக்சாஸ் ஆனியின் பெயர் உள்ள பழைய சென்சஸ் தாளை எடுத்து, 'பிறந்த இடம்' என்ற கட்டத்தைப் பார்த்தார். இல்லினாய் என்று இருந்தது! அமெரிக்காவிலேயே பிறந்தவள் கப்பலில் வந்து இறங்குவது எப்படி? நம்ம லேப்பில் ஸீரோ எரர் பார்க்காமல் வெர்னியரை எடுத்தால் பத்து ரீடிங் எடுத்தாலும் பத்தும் தப்புதானே, அதே கதைதான் இங்கேயும். முதல் ரீடிங்கை யாரும் சரிபார்க்கவில்லை.

சரி, அப்போ நிஜ ஆனி எங்கே? தேடுவது லேசில்லை. அவள் கப்பல் ஏறிய அதே 1891-ல் அயர்லாந்தில் சென்சஸ் எடுத்தார்கள். அந்தத் தாள்களை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக அரைத்துவிட்டார்கள். அப்பா அம்மா இருந்த அமெரிக்காவில் 1890-ல் எடுத்த சென்சஸோ, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெருமளவு சேதமாகி, கடைசியில் கிட்டத்தட்ட முழுசும் போச்சு. அதாவது, இந்தக் கரையில் இருந்தவர்களைக் காட்டும் தாளும் இல்லை, அந்தக் கரையில் இருந்தவர்களைக் காட்டும் தாளும் இல்லை. 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் இன்னும் பழைய தாள்களும் சாம்பலாகிவிட்டதால், அயர்லாந்து வம்சம் தேடுகிற எல்லோருக்கும் இதே தலைவலிதான்.

இன்னொரு சிக்கல், கல்யாணம் ஆனால் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் மாறிவிடும். மூர் என்று தேடினால் கிடைக்கவே மாட்டாள். அதுவும் மூர் என்ற பெயர் அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்!

2006-ல் மேகன் ஒரு காரியம் செய்தார். துப்பு கொடுப்பவருக்கு ஆயிரம் டாலர் என்று இணையத்தில் அறிவித்தார். சில வாரங்களிலேயே பதில் வந்தது. நியூயார்க் நகர ஆவணத்துறைத் தலைவராக அப்போது இருந்த பிரையன் ஆண்டர்சன் கையில் ஒரு தாள் சிக்கியது. அது ஆனியுடையது அல்ல, தம்பி பிலிப் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தாள்! இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்காவுக்குப் பெயர் மாறிவிட்டது, தம்பிக்கு மாறவில்லை. அவளை நேராகத் தேடாமல் பக்கவாட்டில் போய், பிலிப்பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வழியாக ஆனியின் வம்சத்தைப் பிடித்தார்கள்.

ஆனி டெக்சாஸ் பக்கமே போகவில்லை. நியூயார்க்கின் கிழக்குப் பகுதி ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்தாள். 1895-ல் ஜோசப் ஷாயர் என்ற ஜெர்மன் வம்சத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பதினோரு பிள்ளைகளாவது பிறந்தன. பாதிக்கு மேல் வளர்வதற்கு முன்பே இறந்துபோயின. 1924-ல் இதய நோயில் கண்மூடினாள். ஐம்பதுதான் வயசு. கால்வரி கல்லறைத் தோட்டத்தில், முன்னாடியே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் சிலரோடு புதைத்தார்கள். மேலே பெயர் எழுதிய கல் கிடையாது. ரயிலும் இல்லை, பெரிய வம்சமும் இல்லை. இந்த வாழ்க்கையை யார் கதையாகச் சொல்லப் போகிறார்கள்? அதனால்தான் டெக்சாஸ் கதை இத்தனை காலம் ஓடியது என்று எனக்குப் படுகிறது.

2008-ல்தான் கல்லறைக்குக் கல் நட்டார்கள். இறந்து 84 வருஷம் கழித்து!

ஆனிக்கு இரண்டு சிலைகள் உண்டு, இரண்டும் 1993-ல் வைத்தவை. அவள் கப்பல் ஏறிய அயர்லாந்துத் துறைமுகமான கோவ் ஊரில் தம்பிகள் இருவரும் கூடவே நிற்கிறார்கள். எல்லிஸ் தீவில் ஆனி மட்டும் தனியாக நிற்கிறாள். பிலிப்பையாவது பக்கத்தில் வைத்திருக்கலாம்!