பிப்ரவரியில் நின்றுபோகும் டைரிகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் டைரிக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்துக் கேட்பவர்கள், மருந்துக் கடையில் சொல்லி வைப்பவர்கள், கம்பெனியில் மேஸ்திரிக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்பவர்கள் என்று நீலசந்திராவிலும் பலர் உண்டு. முன்போல் யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. ஆனாலும் எப்படியோ ஒன்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

ஜனவரி முதல் தேதி பிள்ளையார் சுழி போட்டு எழுத்து ஆரம்பமாகும். பொங்கல் வரை ஒழுங்காக நடக்கும். பிப்ரவரியில் நாலு நாள் விட்டுப்போகும். மார்ச்சில் அதே டைரியில் பால் கணக்கு ஏறும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபின் பார்த்தால், பிள்ளைகள் அதில் படம் வரைந்திருப்பார்கள்!

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை அது அல்ல. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பிடித்து, எட்டு மணிக்கு பஸ் ஏறி, இரவு வீடு திரும்பும் மனிதர் சோம்பேறியாக இருக்க முடியாது. அவர் கையை நிறுத்துவது ஒரு கேள்வி.

"இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?"

வெளி மாநிலத்தில் கூடுதல் சுமை

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் வரும். ஆனால் பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு அது இரட்டிப்பாக வருகிறது. ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் பக்கத்தில், நெருக்கமான சந்துகளில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் படிப்பது இங்கிலீஷும் கன்னடமும்தான். வீட்டில் தமிழ் பேசுவார்கள். சினிமாப் பாட்டு முழுவதும் மனப்பாடம். ஆனால் "ழ" எழுதச் சொன்னால் விழிப்பார்கள்.

அப்பா இரவு பத்து மணிக்கு நோட்டைத் திறந்தால் மகன் கேட்கிறான்: "என்னப்பா எழுதறீங்க? நாங்க யாருமே தமிழ் படிக்கறது இல்லையே!"

பையன் கேலிக்காகக் கேட்கவில்லை. உள்ளதைத்தான் சொல்கிறான். அன்றோடு அந்த நோட்டு அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. ஊரில் படித்த காலத்திலிருந்து எழுதி வந்தவர்கள்கூட இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். கடிதம் எழுதும் வழக்கம் போய் எல்லாம் போனில் பேச்சு என்று ஆனபின், தமிழில் கைப்பட எழுத வேண்டிய கடைசிக் காரணமும் பலருக்கு மறைந்துவிட்டது.

அந்தப் பையனுக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி வரை போனால் போதும். காலத்தில் மட்டும் ஏறக்குறைய 290 வருஷம் பின்னால் போக வேண்டும்.

புதுச்சேரி வியாபாரி

ஆனந்த ரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். பிழைப்புக்காகப் புதுச்சேரிக்குப் போன குடும்பம். அங்கே பிரெஞ்சுக் கம்பெனியோடு வியாபாரம். பிற்காலத்தில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் காரியதரிசி போலவும் இருந்தார்.

1736 செப்டம்பர் 6-ம் தேதி அவர் எழுத ஆரம்பித்தார். அப்போது வயது 27. காதால் கேட்டது, கண்ணால் கண்டது, வந்த கப்பல், போன கப்பல், நடந்த புதுமை ஆகியவற்றைக் குறித்து வைக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அன்று பேசிய தமிழில், பிறமொழிச் சொற்களையும் கலந்து, கடைக்கணக்கு எழுதுவது போல எழுதினார்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது அதில் இருக்கிறது. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும், அதே வருஷம் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் இருக்கின்றன. இவற்றோடு சரக்கு விலை, வீட்டுக் கல்யாணம், கவர்னர் சம்சாரத்தோடு வந்த மனஸ்தாபம் எல்லாம் உண்டு.

அவருக்கும் மனம் தளரக் காரணங்கள் இருந்தன. 1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அதோடு பிள்ளையின் செல்வாக்கு சரிந்தது. 1756-ல் பதவியும் போயிற்று. உடம்பும் கெட்டது. ஊரைச் சுற்றி மறுபடியும் யுத்தம். அவர் நம்பிய ஒவ்வொன்றும் கண் எதிரே சாய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அப்போதும் டைரி நிற்கவில்லை. 1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் விழுந்தது.

85 வருஷம் தூங்கிய நோட்டுகள்

இனித்தான் நமக்கு வேண்டிய விஷயம் வருகிறது. அவர் இறந்த பிறகு அந்த நோட்டுகளை உலகம் படித்ததா? இல்லை. அவை வீட்டிலேயே கிடந்தன. சில போன இடம் தெரியவில்லை. 1846-ல்தான், கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. எழுதியவர் கண்மூடி அப்போது 85 வருஷம்!

அதற்குப் பின் பிரதி எடுக்கப்பட்டு, சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக இங்கிலீஷில் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் இன்று அந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியாது. எழுத்தாளர் பிரபஞ்சன் அந்த டைரியை ஆதாரமாக வைத்து எழுதிய "வானம் வசப்படும்" நாவலுக்கு 1995-ம் வருஷ சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது.

தமிழ் தெரியாத பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை எழுதிய தமிழ் நோட்டுகளை மதித்து வெளியே கொண்டுவந்தவர் தமிழர் அல்ல. படிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டால் மொழி தெரிந்த ஆளைத் தேடிக்கொள்வார்கள். ஆனால் நோட்டில் ஏதாவது எழுதியிருந்தால்தானே தேட முடியும்?

லண்டன் குமாஸ்தாவும் ஆம்ஸ்டர்டாம் சிறுமியும்

சாமுவேல் பீப்ஸ் என்பவர் லண்டனில் கடற்படைக் காரியாலயத்தில் எழுத்தர் பதவியில் இருந்தவர். பதவியின் பெயரே "கிளார்க்"தான். 1660 ஜனவரி முதல் தேதி டைரி தொடங்கினார். நம்மைப் போலவே வருஷப் பிறப்பில்! சுருக்கெழுத்தில் எழுதியதால் அடுத்தவரால் படிக்க முடியாது. 1665-ம் வருஷத்துக் கொள்ளை நோயையும் 1666-ல் லண்டன் எரிந்ததையும் அவர் போல நாள்வாரியாகச் சொன்னவர்கள் அபூர்வம்.

அவரும் நிறுத்தினார். கண் பார்வை போய்விடும் என்ற பயத்தில் 1669 மே 31-ம் தேதியோடு பேனாவைக் கீழே வைத்தார். பயந்தபடி பார்வை போகவில்லை. 1703 வரை வாழ்ந்தார். ஒன்பதரை வருஷ நோட்டுகளைக் கிழித்துப் போடாமல் தம் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். அவை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் ஒரு மாணவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சுருக்கெழுத்தைப் பெயர்த்தார். 1825-ல் அச்சில் வந்தது. எழுதி நிறுத்திவிட்டவர்களின் பழைய நோட்டு வீண் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொருத்தி, ஆன் ஃபிராங்க். 1942 ஜூனில் 13-வது பிறந்த நாளுக்கு டைரி கிடைத்த யூதச் சிறுமி. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் எண்ணங்களில் யாருக்கு அக்கறை இருக்கும் என்று எழுத ஆரம்பித்த சில நாட்களிலேயே அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த இரண்டு வருஷமும் எழுதினாள். யுத்த காலக் கடிதங்களையும் டைரிகளையும் பத்திரப்படுத்துங்கள் என்று நாடு கடந்த டச்சு அரசின் மந்திரி 1944 மார்ச்சில் ரேடியோவில் சொன்னதைக் கேட்டு, எழுதியதைத் திருத்தி எழுதவும் உட்கார்ந்தாள். அதே ஆகஸ்டில் பிடிபட்டாள். முகாமிலிருந்து அவள் திரும்பவில்லை. 1947-ல் தகப்பனார் அதை வெளியிட்டார்.

மூவரில் ஒருவரும் தம் எழுத்து அச்சாகிப் பார்க்கவில்லை. "யார் படிப்பார்கள்" என்ற கேள்விக்குப் பதில், எழுதும் நாளில் கிடைப்பதில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

நம் கதையை யார் எழுதுவது?

"அவர்கள் பெரிய காரியங்களைப் பார்த்தவர்கள். நாம் என்னத்தைப் பார்த்தோம்?" என்று கேட்கலாம்.

பார்க்காமல் என்ன? 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையை ஒட்டி பெங்களூரில் நடந்த கலவரத்தை இங்கே பலர் நேரில் அனுபவித்தார்கள். எத்தனை கடை எரிந்தது, எங்கே ஊரடங்கு என்பது பத்திரிகையில் வந்தது. அந்த இரவில் எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து உள்ளே விட்டார், குழந்தைக்குப் பால் எங்கிருந்து வந்தது, ஊருக்குப் போய்விடலாமா வேண்டாமா என்று வீட்டில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

அல்சூர் ஏரி அருகே திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர்களின் பேச்சு செய்தியாயிற்று. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட்டத்தில் நின்றவரின் நினைப்பு அவரோடே இருக்கிறது.

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டன. எவ்வளவு தங்கம் எடுத்தார்கள் என்பது கம்பெனிக் கணக்கில் இருக்கும். சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பது எந்தக் கணக்கில் இருக்கும்? 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க அடைக்கப்பட்டபோது வாடகையும் அரிசியும் எப்படிச் சமாளித்தோம் என்பதே இப்போது பாதி மறந்துவிட்டது.

வெளியூர் வந்து பிழைத்தவர்களின் சரித்திரம் அவர்கள் எழுதினால்தான் உண்டு. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் நாம் ஊரை விட்டுப் போனவர்கள். கர்நாடகச் சரித்திரத்தில் வந்து சேர்ந்தவர்கள். இரண்டிலும் நமக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

ஸ்டேஷன் டைரி சொல்லும் வழி

ரயில் நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் டைரி என்று ஒன்று உண்டு. டியூட்டி மாறும்போது எழுதியாக வேண்டும். விசேஷம் எதுவும் நடக்காத நாளிலும் எழுத வேண்டும். அதை ரசித்துப் படிக்க எவரும் வரமாட்டார்கள். ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் முதலில் தேடுவது அதைத்தான். வீட்டு டைரிக்கும் இந்த முறை பொருந்தும்.

தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். விட்டுப்போன நாட்களின் வெறும் பக்கங்கள் நம்மைக் குற்றவாளி போலப் பார்க்கும். சாதாரண நீள நோட்டு போதும். எழுதும் நாளில் தேதியை வருஷத்தோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்று வரிக்கு மேல் திட்டம் போட வேண்டாம். இன்று என்ன செலவு, யார் வந்தார்கள், என்ன கேள்விப்பட்டோம் என்றால் போதும். "மனசு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பத்து வருஷம் கழித்து நமக்கே புரியாது. ஏன் என்பதற்கு அரை வரி சேர்க்க வேண்டும். "அண்ணன்", "அவர்" என்று விடாமல் பெயரை முழுதாக எழுத வேண்டும்.

பெங்களூர்த் தமிழில் கன்னடம் கலந்து வருகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். ரங்கப் பிள்ளை வெட்கப்படவில்லை.

லாபமும் கைமேல் உண்டு. வீட்டுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தோம், எத்தனை நாள் கூலி பாக்கி என்பவை வாய்ப்பேச்சில் மாறிப்போகும். அன்றே தேதியோடு எழுதி வைத்தது கைகொடுக்கும்.

பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத குறைக்கும் இதிலேயே ஒரு மருந்து இருக்கிறது. நல்ல தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் ஓடுவார்கள். "நீ பிறந்த அன்று நான் எழுதியது" என்று நோட்டைத் திறந்து காட்டினால், எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள்.

நிறுத்தி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. மேல் தட்டில் இருக்கும் நோட்டை எடுத்துத் தூசி தட்டி, கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். நீலசந்திரா பஜார் தெருவில் இன்று தக்காளி என்ன விலை என்று எழுதுங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.