துரை கையில் ரைபிள், தொழிலாளி கழுத்தில் கயிறு

கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் போடுகிறவருக்குக் காட்டுப்பன்றி பெரிய தலைவலி. ஒரே இரவில் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிடும். அதைச் சுட வேண்டுமென்றால் இரண்டு அலுவலகப் படி ஏற வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம்; வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம். அப்படிக் கைக்கு வருவதும் பெரும்பாலும் ‘செனாப்பாங் பாத்தா’தான். கீலில் மடித்து, குழலின் பின்வாயில் தோட்டாவைச் செருகி, நிமிர்த்திச் சுடும் வேட்டைத் துப்பாக்கி அது. உரிமமில்லாமல் வைத்திருந்தால், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மலேசியாவில் துப்பாக்கி மீது இத்தனை கெடுபிடி ஏன்? விடை தோட்டப்புறத்தில் கிடைக்கிறது.

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றனர். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. துரைமார் இடுப்பில் ரிவால்வரோடும் பங்களா வாசலில் காவலோடும் வாழ்ந்தார்கள். தொழிலாளிக்கோ லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று 1948லேயே விதி வந்துவிட்டது.

அந்த விதி பலிகொண்டவர்களில் ஒருவர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தமிழர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949இல் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரிவால்வரோடு பிடிபட்டார். கீழே கிடந்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாகச் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. கருணை காட்டும்படி இந்திய அரசு கேட்டும் பலனில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. ஆயுதம் கையில் இருந்ததே குற்றம். இதே விதியில் ஜொகூரில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம், லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் தீர்ப்பை ரத்து செய்ததால் உயிர் தப்பினார்.

பிரிட்டிஷ் ஆட்சியின் துப்பாக்கிச் சட்டம் எப்போதுமே ஆள் பார்த்து வந்ததுதான். இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உள்ளூர்க்காரனிடம் உரிமம் கேட்டது. ஐரோப்பியனுக்கு விலக்கு தந்தது. தங்களுக்கு விசுவாசமாக நின்ற குடகர்களுக்கும் விலக்கு கிடைத்தது. அந்தச் சலுகை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. குடகின் காப்பி மலையில் துப்பாக்கி குலப்பெருமை, கேமரனின் தேயிலை மலையில் அது போலீஸ் வழக்கு. அமெரிக்காவிலோ 1791 முதல் அரசியல் சாசன உரிமை. 2017 கணக்குப்படி அங்கே 100 பேருக்கு 120 துப்பாக்கி.

வெள்ளைக்காரன் போனான், கயிறு போகவில்லை. 1960இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் வைத்திருந்தவருக்குத் தூக்கு என்ற விதியைத் தொடர்ந்தது. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவனுக்கே மரண தண்டனை விதித்தார்கள். நாடே கொதித்த பிறகு அவன் பிழைத்தான். கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் கட்டாயத் தூக்கு என்றது 1971ஆம் ஆண்டுச் சட்டம்.

பயம் வேலை செய்ததா? அந்தச் சட்டம் முழு வலுவோடு இருந்த 2013இல்தான், அராப் மலேசியன் வங்கியின் நிறுவனர் ஹுசைன் நஜாடியை கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். கடத்தல் துப்பாக்கி வாங்குகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை.

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. இப்போது நீதிபதி தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். சரியான திருத்தம், ஆனால் பாதி வழிதான். துப்பாக்கியைக் கட்டுக்குள் வைப்பது விண்ணப்பமும் விசாரணையும் புதுப்பிக்க வேண்டிய உரிமமும்தான். அவற்றை ஒரு இழைகூடத் தளர்த்தக் கூடாது. எஞ்சியிருக்கும் கயிற்றை மட்டும் மலேசியா முழுவதுமாக அறுத்தெறிய வேண்டும்.